தூதுவளைக் கீரையும் கல்லூரி விடுதியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாமக்கல், ஆழ்வார்களின் மங்களாசாஸநம் பெற்ற 108 திருப்பதிகளுள் ஒன்றன்று. சேலம் தொடங்கி ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று விரிந்து கிடக்கும் இச்சமவெளி முழுவதிலுமே ஆழ்வார் பாடிய திருப்பதி இல்லை. ஆயினும் எம்பெருமான் இந்நாட்டாரைக் கைவிட்டானல்லன். ஒரே பாறையின் ஒருபுறக் குகையில் நரஸிம்ஹனாய் வீற்றிருக்கிறான். மறுபுறக் குகையில் அரங்கனாய்ப் பள்ளிகொண்டிருக்கிறான். இக்குடைவரைகள் அதியர் குலத்தவர் காலத்தவை, 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். தனிக்கோயில் நாச்சியாராக நாமகிரித் தாயார் எழுந்தருளியிருக்கிறாள். எதிரே 18 அடி உயரத்தில், மேலே கூரையும் கொள்ளாமல், கைகூப்பி நின்ற திருக்கோலத்தில் ஆஞ்சநேயர் நரஸிம்ஹனையே நோக்கிக்கொண்டிருக்கிறார்.

இவ்வூரைச் சுற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுந்த கல்லூரிகளை எண்ணப் புகுந்தால் விரல்கள் போதா. லாரிக்குக் கூண்டு கட்டுபவர், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குபவர், விசைத்தறி ஓட்டுபவர், மரவள்ளிக் கிழங்கு பயிரிட்டு ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புபவர் ஆகியோருடைய பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். பலருக்கு அவர்தம் குடும்பத்தில் முதற் பட்டம் அதுவே. இவர்களுள் பெரும்பாலோர் திவ்யப்ரபந்தத்தைப் பெயரளவிலும் கேட்டறியார். ஆனால் பகவத் ஸம்பந்தமே இல்லாதவர்கள் என்று நினைத்துவிடலாகாது. கொங்கு நாட்டு வீடுகளில் புரட்டாசிச் சனிக்கிழமை எப்படி அநுஷ்டிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வீடு மெழுகி, நாமம் தரித்து, தளிகை போட்டு, 'கோவிந்தா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே இலையில் அமர்வார்கள். சேந்தமங்கலத்துக்கு அருகே நைனாமலை வரதராஜனை ஸேவிக்க ஆயிரக்கணக்கான படிகளை அம்மாதத்தில் ஏறும் கூட்டத்தில் இளைஞர்களே மிகுதி.

அப்படி வளர்ந்த பிள்ளை பதினேழு வயதில் ஒரு பெட்டியோடும் பாயோடும் விடுதிக்கு வந்து சேருகிறான். அவ்வளவு நாளும் பாட்டியின் கையில் இருந்த நூலின் நுனி அங்கே நழுவிவிடுகிறது. அதை யார் எடுத்து அவன் கையில் கொடுப்பது? இக்காரியத்தில் பூர்வாசார்யர்கள் நமக்குக் காட்டிச் சென்ற வழி எது? இதையே நாம் இங்கு விண்ணப்பிக்கப் புகுகிறோம்.

கல்லூரி வளாகத்தில் பக்தியை வளர்ப்பது எப்படி என்று கேட்டால் நம்மவர்க்கு உடனே தோன்றுவது ஒரு விழா. ஒரு நாள் அரங்கம் கேட்டு வாங்கி, வெளியூரிலிருந்து உபந்யாஸகரை எழுந்தருளப்பண்ணி, ஐந்நூறு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் பேசி, ஆளுக்கொரு சிறு புத்தகம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்த ஐந்நூறு பேரில் ஒருவன் பெயராவது நமக்குத் தெரியுமா?

முதலில் ஒரு வித்யார்த்தியைப் பார்ப்போம். ஸ்ரீப்ரஹ்லாதாழ்வானைப் பக்தன் என்று கொண்டாடும் நாம், அவன் குருகுலத்தில் தங்கிப் படித்த மாணவன் என்பதை மறந்துவிடுகிறோம். பெரிய திருமொழியில் திருவல்லிக்கேணி எம்பெருமானைப் பாடும்போது திருமங்கையாழ்வார் அவனைப் பள்ளிக்குச் சென்று வந்த பிள்ளையாகவே நினைவுகூர்கிறார். சுக்ராசார்யரின் குமாரர்களான சண்டனும் அமர்க்கனும் அவனுக்கு ஆசிரியர்கள். உடன் படித்தவர்கள் அஸுரர்களின் பிள்ளைகள். படிப்பு, அரசியலும் பொருள் நூலும். அவன் அந்தப் பாடத்தைப் படிக்க மறுத்தான் என்று ஸ்ரீபாகவதம் சொல்லவில்லை. படித்தான், கேட்டபோது ஒப்பித்தான், அதைச் சிறந்ததென்று மட்டும் கொள்ளவில்லை.

உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு அவன் எப்போது பகவத் விஷயம் சொன்னான் என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் பாடம் நடத்தும்போதன்று. அவர்கள் தம் வீட்டுக் காரியமாகச் சென்றிருந்த ஓய்வு வேளையில், விளையாட வாவென்று தோழர்களே அவனை அழைத்தபோது சொன்னான். பாட வேளை பாடத்துக்கு உரியது என்பது அந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நம்மில் சிலருக்குத் தெரிவதில்லை. மேலும் அவன் இனிய சொல்லால், நண்பனாக, அவர்களோடு தரையில் அமர்ந்து சொன்னான். கேட்டவர்கள் விளையாட்டுப் பொருள்களைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி அமர்ந்தார்கள்.

என்ன சொன்னான்? இளமையிலேயே தொடங்குங்கள் என்றான். அடுத்து, அச்சுதனை உகப்பிப்பது பெருமுயற்சி வேண்டும் காரியமன்று. அவன் எல்லா உயிர்களுக்கும் உள்ளுயிராய் முன்பே அமைந்திருப்பவன் என்னும் கருத்தைச் சொன்னான். உறவு புதிதாக உண்டாக்கப்பட வேண்டியதன்று, ஏற்கெனவே இருப்பது, அதை அறிவதே நாம் செய்யவேண்டுவது என்பது தாத்பர்யம். இந்த ஒரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

இதெல்லாம் உனக்கு எங்கே கிடைத்தது என்று தோழர்கள் கேட்டார்கள். நாரதர் ஆச்ரமத்தில் தன் தாய்க்கு உபதேசித்ததைக் கருவிலிருந்து கேட்டதாக விடை சொன்னான். அங்கே ஓர் அழகு உண்டு. காலம் சென்றதால் தாய்க்கு அது மறந்துபோயிற்று. வயிற்றிலிருந்த பிள்ளைக்கு மறக்கவில்லை. எனவே, தறிக்குழியில் அமர்ந்தபடி 'கோவிந்தா' என்று சொன்ன பாட்டியின் பேரன் விடுதியில் வந்து எதையும் நினைப்பதாகத் தெரியவில்லையே என்று நாம் விசாரப்பட வேண்டியதில்லை. விழுந்த விதை உள்ளே கிடக்கிறது.

இனி நம் அநுபவத்தில் வந்த ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியில் பொறியியல் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, மலைக்கோயிலில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சாமி, நாப்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டேன். மூணு பேப்பர் அரியர் விழுந்திருச்சு. அவருக்கு என்னைப் பிடிக்கலையா, இல்லை நான் போட்ட விளக்கு சரியில்லையா?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் நமக்கு எளிதாய் இருந்திருக்கும். தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

கல்லூரிப் பிள்ளைகளின் பக்தி எங்கே முறிகிறது என்பதற்கு இக்கேள்வியே விடை. நாத்திக வாதம் கேட்டு முறிவது சிறுபான்மை. செல்பேசியும் திரைப்படமும் கெடுக்கின்றன என்று பெரியவர்கள் குறைப்படுவதும் பாதி உண்மையே. பெரும்பாலும் அது முறிவது தேர்வு முடிவு வெளியாகும் நாளில். ஏனெனில் நாமே அவர்கள் பக்தியை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். பேனாவை ஸந்நிதியில் வைத்து வாங்கு, இந்த ஸ்லோகத்தை இத்தனை முறை சொல், இத்தனை சுற்றுச் சுற்று, முதல் வகுப்பு வரும் என்கிறோம். வந்துவிட்டால் பிள்ளை அடுத்த தேர்வு வரையில் எம்பெருமானை மறந்திருப்பான். வராவிட்டால் அதற்குப் பின்பும் மறந்துவிடுவான். இரண்டிலும் இழவு நமக்கே.

வேறு பயனைக் கேட்டு வருபவனை எம்பெருமான் வெறுப்பதில்லை என்பது மெய்தான். துன்பத்தால் வருபவனையும் பொருளை வேண்டி வருபவனையும் சேர்த்தே உதாரர்கள் என்று கீதையில் கொண்டாடினான். ஆகையால் பேனாவோடு வரும் பிள்ளையை ஏளனம் செய்வது நமக்குத் தகாது. வந்தானே என்று உகக்க வேண்டும். ஆனால் அவனை அந்த வாசற்படியிலேயே நிறுத்திவைப்பது ஆசார்யர்களின் வழியன்று. உள்ளே அழைத்துச் சென்று அவனுக்கும் எம்பெருமானுக்கும் உள்ள உறவைக் காட்ட வேண்டும். பிள்ளைலோகாசார்யர் நவவித ஸம்பந்தம் என்று ஒரு ரஹஸ்யமே அருளியிருக்கிறார். தந்தை–மகன், காப்பவன்–காக்கப்படுபவன், உடையவன்–உடைமை, உயிர்–உடல் என்று ஒன்பது வகையான உறவுகள் திருமந்த்ரத்தின் பொருளாக அதில் விளக்கப்படுகின்றன. அவற்றுள் எதுவும் தேர்வில் தவறினால் அற்றுப்போகும் உறவன்று. பரீட்சையில் தோற்ற மகன் மகனல்லாமல் போவானோ? உடைமை பழுதுபட்டால் உடையவனன்றோ கவலைப்படுவான்?

அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னது நாமகிரித் தாயாரையே ஆச்ரயித்திருந்த வேறொரு மாணவரின் கதை. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1887 டிஸம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில் சார்ங்கபாணி ஸந்நிதித் தெருவில். (நாதமுனிகளுக்குத் திவ்யப்ரபந்தம் மீளக் கிடைக்க வழிகாட்டிய ஆராவமுதனின் திருவீதி அது.) அவர் தாயாரும் பாட்டியும் நாமகிரித் தாயாரிடம் ஈடுபட்டவர்கள். 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமையால் அச்சம்பளத்தை இழந்தார். 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டணம் வரையில் சென்றுவிட்டார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, மறுபடி எழுதியும் தேறவில்லை. கல்லூரிப் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். இன்று நாம் அரியர் என்று சொல்வதை அவர் முழுமையாகவே அநுபவித்தவர்.

அத்தோல்விகளுக்குப் பின்பும் அவர் தாயாரை விட்டாரல்லர். பின்னாளில் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை, 1913-இல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை, 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் என்று காலம் மாறியது. அதற்கு முன் நாமக்கல் கோயிலுக்கு வந்து தங்கித் தாயாரின் திருவுள்ளத்தை அறிந்த பிறகே கடல் கடக்க இசைந்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுவர். 1918-இல் ராயல் ஸொஸைடியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார்.

தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தந்தாள் என்பதையே எல்லாரும் பேசுகிறார்கள். அதைச் சொல்லியே தேர்வுக் காலத்தில் கூட்டம் சேர்க்கிறவர்களும் உண்டு. நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அவள் சூத்திரம் தந்தாள் என்றால், எஃப்.ஏ. தேர்வில் தேர்ச்சி தரவில்லையே! தராதபோதும் அவர் 'என்னைப் பிடிக்கவில்லையா' என்று விலகவில்லை. தாயோடு உள்ள உறவு கொடுக்கல் வாங்கலால் வந்ததன்று என்பது அந்த வீட்டில் சிறு வயதிலேயே ஊட்டப்பட்டிருந்தது. பிராட்டியைப் புருஷகாரம் என்று நம் ஆசார்யர்கள் சொல்வதற்கும் இதுவே பொருள். குற்றம் மிக்கவனையும் தகுதியற்றவனையும் தன் திருவடி நிழலில் மறைத்துக்கொண்டு எம்பெருமானிடம் பரிந்து பேசுகிறவள் அவள். அசோகவனத்தில் தன்னை நலிந்த அரக்கியர்களுக்கு அவர்கள் கேளாமலே அபயம் கொடுத்தவள், மூன்று தாளில் தவறிய பிள்ளையைத் தள்ளுவாளோ?

இதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் உடனே தெளிந்துவிட்டாள் என்று எழுதினால் அது பொய். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஒரு நாள் சொன்ன கதையால் ஒரு மனம் தேறிவிடுவதில்லை. அதற்குக் காலமும் பழக்கமும் வேண்டும். இந்த இடத்தில்தான் மணக்கால் நம்பியின் சரித்திரம் நமக்குக் கைகொடுக்கிறது.

நாதமுனிகளின் திருப்பேரனார் யாமுனர் இளமையிலேயே வாதத்தில் ஆக்கியாழ்வானை வென்று, பாதி ராஜ்யத்தைப் பரிசாகப் பெற்று, ஆளவந்தார் என்ற திருநாமத்தோடு அரண்மனை வாழ்வில் மூழ்கியிருந்தார். கெட்டுப்போனவர் என்று சொல்ல ஒன்றுமில்லை. அறிவாளி, வெற்றி பெற்றவர், வேலை மிகுந்தவர். இன்றைய வளாகத் தேர்வில் முதல் நாளே பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்த பிள்ளையைப் போல என்று கொள்ளலாம். அவரைத் தரிசனத்துக்கு ஆக்க வேண்டும் என்பது நாதமுனிகளின் திருவுள்ளம். அப்பொறுப்பு உய்யக்கொண்டார் வழியாக மணக்கால் நம்பியிடம் வந்தது. நம்பி அரண்மனைக்குச் சென்றார். உள்ளே விடவில்லை.

அவர் வாசலில் நின்று உபந்யஸிக்கவில்லை. மடைப்பள்ளிக்காரர்களிடம் பேசி, ஆளவந்தாருக்கு எதில் விருப்பம் என்று அறிந்தார். தூதுவளைக் கீரை என்றார்கள். தினந்தோறும் அதைப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தார். தூதுவளை முள்ளுள்ள கொடி, வேலிகளில் படர்ந்திருக்கும், பறிப்பவர் விரலில் கீறல் படாமல் வராது. ஆறு மாதம் அப்படிக் கொடுத்தார். உண்டவருக்குக் கொடுத்தவர் யாரென்றே தெரியாது. பிறகு சில நாள் நிறுத்தினார். கீரை எங்கே என்று ஆளவந்தார் கேட்டார். ஒரு பெரியவர் எதையும் கேட்காமல் கொண்டுவந்து தந்துகொண்டிருந்தார் என்றார்கள். அடுத்த முறை வந்தால் அழைத்து வாருங்கள் என்றார்.

வந்தவரை ஆஸனமிட்டு அமர்த்தி, உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டார் ஆளவந்தார். எனக்கு ஒன்றும் வேண்டாம், உம்முடைய பாட்டனார் ஈட்டிய நிதி ஒன்று என்னிடம் இருக்கிறது, அது உம் கைக்கு வரும் வரையில் நான் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார் நம்பி. அதன் பின்பே கீதை. சரமஸ்லோகம் வரையில் மெல்ல மெல்லப் பொருளுரைத்து, முடிவில் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று பெரிய பெருமாளைக் காட்டி, நிதி இதுவே என்றார்.

கீரை முதலில், கீதை பிறகு. ஆறு மாதம் என்பதையும் கவனிக்க வேண்டும். நாமோ இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஈடுபாடில்லை என்று கைவிட்டுவிடுகிறோம்.

விடுதிப் பிள்ளைக்குத் தூதுவளை எது என்று அங்கங்கே உள்ள பாகவதர்கள் விசாரித்தறிய வேண்டும். நம்பியும் விசாரித்தே அறிந்தார். விடுதிச் சாப்பாட்டில் நாக்கு மரத்துப்போனவனுக்கு மாதம் ஒரு ஞாயிறு வீட்டுச் சோறே கீரை. கணிதத்தாள் நின்றுபோன பிள்ளைக்கு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு மாலை சொல்லித்தரும் கணக்கே கீரை. உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவன், காய்ச்சலில் தனியே கிடப்பவன், முதலாண்டில் இரவெல்லாம் வீட்டு நினைவாய் விழித்திருப்பவன் என்று ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. தோல்வியால் மனம் உடைந்து, உண்ணாமல் பேசாமல் கிடக்கும் பிள்ளையிடம் ஸ்லோகத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாகாது. அருகிலிருந்து உண்ணச் செய்வதும், பெற்றோருக்குத் தெரிவிப்பதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் கைங்கர்யமே. சுவர் இருந்தாலன்றோ சித்திரம்?

கல்லூரியிலேயே பணியாற்றும் பாகவதர்களுக்குத் தனியே ஒரு விண்ணப்பம். அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் அழைத்தால் பிள்ளை பயந்துகொண்டாவது வருவான். அப்படி வருவதில் பயனில்லை. ஊரெல்லாம் தன் பெயரையே ஓத வேண்டும் என்று அதிகாரத்தால் ஓதுவித்தவன் ஒருவன் இருந்தான். அவன் வழி நமக்கு வேண்டாம். ஒரே வகுப்பில் பல சமயத்துப் பிள்ளைகளும் சமயமே வேண்டாமென்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் நீங்கள் ஆசிரியர்தாம். கீரை அவர்களுக்கும் உண்டு. கீதை கேட்டவனுக்கு மட்டும்.

பேசாமலே செய்யும் உபகாரமும் உண்டு. இளையாழ்வார் காஞ்சியில் யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஆளவந்தார் அங்கு எழுந்தருளினார். மாணவர் கூட்டத்தின் நடுவே செல்லும் அவரைத் திருக்கச்சி நம்பிகள் காட்டிக்கொடுத்தார். அவரே தரிசனத்துக்குத் தலைவராக வேண்டும் என்று ஆளவந்தாருக்குத் திருவுள்ளமாயிற்று. ஆனால் அவர் அருகில் சென்று அழைக்கவில்லை. வேறோர் ஆசிரியரிடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் படிப்பைக் குலைக்கவில்லை. பேரருளாளன் ஸந்நிதியில் ப்ரார்த்தித்துவிட்டுத் திருவரங்கம் திரும்பினார். கல்லூரிப் பேருந்துகள் வரிசையாய்ச் செல்லும் மாலை வேளையில், ஜன்னலோரம் தூங்கி வழியும் முகங்களைப் பார்த்து நாமும் அவ்வளவாவது செய்யலாம்.

கீரை உண்டு பழகிய பிள்ளை ஒரு நாள் தானே கேட்பான். அப்போது அவனுக்கு முதலில் எழும் ஐயங்கள் பெரும்பாலும் அநுஷ்டானம் பற்றியவை. ஓர் அறையில் நான்கு பேர். காலையில் குளியலறைக்கு வரிசை. பெருமாள் படம் வைக்க இடமில்லை. சமையல் யார் செய்ததோ தெரியாது. பெண்பிள்ளைகளுக்கு விலக்கு நாள் பற்றிய தயக்கம் வேறு. இந்நிலையில் திருநாமம் சொல்லலாமா, சரணாகதியை நினைக்கலாமா என்று கேட்பார்கள். ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர் இதற்கு நேரே விடையருளியிருக்கிறார். ப்ரபத்திக்கு இடம், காலம், முறை, அதிகாரி, பயன் என்னும் இவற்றில் நியமமில்லை. யாரைப் பற்றுகிறோம் என்பதில் மட்டுமே நியமம். த்ரௌபதி நீராடிவிட்டா சரணம் புகுந்தாள்? அர்ஜுனன் சரமஸ்லோகம் கேட்ட இடம் எத்தகையது? இரண்டு சேனைகளின் நடுவே. அதைவிட விடுதி அறை எவ்வளவோ அமைதியானது! திருவாராதனம் முதலியவற்றுக்குரிய ஆசாரங்களை நாம் குறைத்துப் பேசவில்லை; அவை வீட்டிலும் கோயிலிலும் நடக்கட்டும். ஆசாரம் இயலவில்லையே என்று கூசி, உறவையே நினையாமல் விட்டுவிடக்கூடாது என்பதே நாம் சொல்வது.

மார்கழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் செமஸ்டர் தேர்வும் மார்கழியும் ஒன்றன் தோள்மேல் ஒன்று விழுந்துகொண்டு வருகின்றன. இரவு இரண்டு மணி வரை படித்தவளை நாலரைக்கு எழுப்பித் திருப்பாவை சொல்லச் சொல்வது நியாயமா என்று கேட்பார்கள். நியாயமன்று. திருப்பாவையில் 6 முதல் 15 வரையுள்ள பத்துப் பாசுரங்களில் ஆண்டாள் பத்து வாசலில் நின்று தோழியரை எழுப்புகிறாள். விடுதித் தாழ்வாரத்தில் கதவு கதவாகத் தட்டிச் செல்லும் பெண்ணை நினைத்தால் காட்சி புலப்படும். அங்கே நம் வ்யாக்யாதாக்கள் காட்டும் நயம் யாதெனில், உறங்குகிறவளை அவர்கள் தாழ்ந்தவளாக நினைப்பதில்லை. க்ருஷ்ணாநுபவத்தில் ஆழ்ந்திருப்பவள், இவள் வந்தாலன்றி நம் அநுபவம் நிறைவுறாது என்றே எழுப்புகிறார்கள். கடைசி வாசலில் உள்ளிருப்பவள், குற்றம் தன்னதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டு எழுந்து வருகிறாள். ஆகவே எழுந்து குளித்து நாமம் தரித்த பிள்ளை, போர்வைக்குள் இருக்கும் தோழியைக் கண்டு மூக்கைச் சுளித்தால், அவள் முப்பது பாசுரம் சொல்லியும் பத்துப் பாசுரங்களை விட்டவளே. தேர்வு நாளில் ஒரு பாசுரம் போதும். படுத்தபடியே மனத்தில் நினைப்பவளுக்கும் கோஷ்டியில் இடமுண்டு.

நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். பிள்ளைகள் பட்டத்தோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். ஆறு மாதம் கீரை பறித்தோமே, கோஷ்டி கலைந்துவிட்டதே என்று வருந்துகிற பாகவதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கொங்கு நாட்டோடு தொடர்புள்ள ஒரு சரித்திரத்தை நம் குருபரம்பரை காத்து வைத்திருக்கிறது.

கொங்கு நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது ஓர் அம்மையார் தம் கணவரோடு திருவரங்கத்துக்குப் பிழைக்க வந்தார். கொங்கில் பிராட்டியார் என்று அவரைச் சொல்வார்கள். மாதுகரத்துக்கு எழுந்தருளும் எம்பெருமானாரை வழியில் அரசர்களும் பெரியவர்களும் தண்டனிடுவதைப் பார்த்து, இதற்குக் காரணம் என்ன என்று அவரையே கேட்டார். பகவத் விஷயமாக அவர்களுக்கு இரண்டு வார்த்தை சொன்னோம், அதனால் என்றார் எம்பெருமானார். அதை எனக்கும் சொல்லலாகாதோ என்றார் அம்மையார். த்வயத்தை உபதேசித்தருளினார். பிறகு ஊரில் மழை பெய்தது. திரும்ப வேண்டி வந்தது. புறப்படும் வேளையில் பார்த்தால் கேட்ட மந்த்ரம் மறந்துபோயிருந்தது. மறுபடி வந்து விண்ணப்பித்தார். எம்பெருமானார் சினந்தாரில்லை, மறுபடியும் அருளிச்செய்தார். தூர தேசம் செல்கிறேன், எனக்குத் தஞ்சமாக ஏதாவது தந்தருள வேண்டும் என்று கேட்க, தாம் சாத்தியிருந்த திருவடிநிலைகளையே கழற்றிக் கொடுத்தார். அவற்றை ஊருக்குக் கொண்டுபோய் அம்மையார் ஆராதித்து வந்தார்.

ஆண்டுகள் பல சென்றன. சோழனால் நேர்ந்த இடையூற்றில் எம்பெருமானார் காஷாயத்தைக் களைந்து வெள்ளை உடுத்து, சில ஸ்ரீவைஷ்ணவர்களோடு மேற்கே புறப்பட்டுக் கொங்கு நாட்டு வழியாக எழுந்தருளினார். பசியோடும் களைப்போடும் வந்த கோஷ்டி சேர்ந்த இல்லம் அந்த அம்மையாருடையது. வந்தவர்கள் திருவரங்கத்தார் என்று கேட்டதும், எம்பெருமானார் நலமாயிருக்கிறாரா என்று விசாரித்தார். அவர் இக்கூட்டத்தில் இருந்தால் உனக்கு அடையாளம் தெரியுமோ என்றார்கள். திருவடிகள் தெரியும் என்றார். வெள்ளை உடுத்து அமர்ந்திருந்தவர்களின் திருவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். தாம் நாள்தோறும் ஆராதித்து வந்த நிலைகளுக்கு அத்திருவடிகள் பொருந்தின.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.